மூணாம் நம்பர் ஜன்னல் ரெஃப்ரி

பிப்ரவரி 9

அடி என் சில்வண்டே,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் கடைசியில வச்சுக்கலாம். முதல்ல விஷயத்தைக் கேளு. உட்கார்ந்துக்கோ. மாப்பிள்ளை பக்கத்துல இருந்தா அவரையும் உட்காரச் சொல்லு. உங்கம்மா ஃபுட்பால் ரெஃப்ரி ஆகப் போறா!

சிரிச்சு முடிச்சுட்டியா? சரி, இப்ப படி.

எங்க குடிநீர் வாரியத்துல வருஷா வருஷம் விளையாட்டு நாள் நடக்குமே, அதுக்கு நான் எப்பவும் நிழல் பாத்து நாற்காலி போட்டு, டீ குடிச்சுட்டு வர்ற ஆளு. இந்தத் தடவை பம்ப் செக்‌ஷனுக்கும் பில் செக்‌ஷனுக்கும் மேட்ச். ரெஃப்ரியா வர வேண்டிய ஆளு வரல. எல்லாரும் முழிச்சுட்டிருந்தப்ப எங்க மேனேஜர், "புகார் கவுண்டர் மேடத்தைக் கூப்பிடுங்கப்பா, யார் கத்தினாலும் அசராத ஆளு அவங்க ஒருத்தர்தான்"னு என் கையில விசிலைத் திணிச்சுட்டார். கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்குத் தெரிஞ்ச ஃபுட்பால் எல்லாம் உங்கப்பா டிவியில பாக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே பாத்ததுதான். ஆனது ஆகட்டும்னு போய் நின்னேன்.

கொஞ்ச நேரத்துல பம்ப் செக்‌ஷன்காரர் ஒருத்தர், பீரோ மாதிரி உடம்பு, தோளால ஒரே இடி. பில் செக்‌ஷன் பையன் குப்புற விழுந்தான். நான் ஊதினேன். ஊதின உடனே எல்லாரும் நின்னுட்டாங்கடி! அத்தனை ஆம்பளைங்களும் நின்ன இடத்துல நின்னு என் கையையே பாக்கறாங்க. நான் இந்தப் பக்கம்னு காட்டினேன். பந்தை இந்தப் பக்கம் கொண்டுவந்து வச்சாங்க. அவ்வளவுதான். கையெழுத்து இல்ல, மேலிடம் இல்ல, நாளைக்கு வாங்க இல்ல.

இருபத்தாறு வருஷமா அந்த மூணாம் நம்பர் ஜன்னல்ல நான் என்ன பண்றேன்னு உனக்கே தெரியும். தண்ணி வரலன்னு வர்றாங்க, கலங்கலா வருதுன்னு வர்றாங்க, கத்தறாங்க, சில பேர் அழறாங்க. நான் மனுவை வாங்கி சீல் குத்தி "பரிசீலனையில இருக்கு"ன்னு சொல்லணும். நியாயம் யார் பக்கம்னு ஆளைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சு என்ன புண்ணியம்? முடிவு எடுக்கற ஆளு நான் இல்ல. அந்த ஆளு யாருன்னும் இன்னிவரைக்கும் தெரியல. மைதானத்துல அப்படி இல்லடி. நான் சொன்னா சொன்னதுதான். தப்பா சொன்னாலும் என் தப்பு!

ரெண்டு நாள் காலு வீங்கிக் கிடந்தேன். மூணாம் நாள் நொண்டிக்கிட்டே போய் ரெஃப்ரி சங்கத்துல பேரைக் கொடுத்துட்டேன். சொல்லித்தர்றவர் ஒரு பி.டி. மாஸ்டர், உன்னைவிடச் சின்ன வயசு. "பையனைச் சேர்க்க வந்தீங்களா மேடம்?"னார். "எனக்குப் பையனே இல்ல தம்பி, நான்தான் சேரணும்"னேன். பாவம், பேனாவைக் கீழ போட்டுட்டார்.

உங்கப்பா என்ன சொன்னார்னு கேப்பே. ஆஸ்பத்திரி வார்டுல நர்ஸா இருந்தே ரிட்டயர் ஆன மனுஷன், எதுக்கும் அதிர்ந்தது கிடையாது. "முட்டிக்கு ஐஸ் வை"ன்னார்.

ஏன் போன்ல சொல்லாம லெட்டர் எழுதறேன்னு நினைக்காதே. போன்ல நான் பேசப் பேச நீ "ம்... ம்..."ங்கறே, பின்னால கீபோர்டு தட்டற சத்தம் கேக்குது. லெட்டரை அப்படிப் படிக்க முடியாதில்ல? பதில் போடு. கையால எழுது.

இப்படிக்கு,
விசிலும் கையுமா
உன் அம்மா


பிப்ரவரி 27

ரெஃப்ரி அம்மாவுக்கு,

உன் லெட்டரை ஆபீஸ்ல வச்சுப் படிச்சது தப்பு. வாய்விட்டுச் சிரிச்சு, பக்கத்து சீட்டுக்காரி தண்ணி பாட்டிலை நீட்டிட்டா. புரை ஏறிடுச்சுன்னு நினைச்சாளாம்.

கீபோர்டு சத்தம் கேட்டுடுச்சா? மாட்டிக்கிட்டேன். என்னம்மா பண்றது, வாரா வாரம் ரிப்போர்ட் குடுக்கணும். வாடிக்கையாளர்கள் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னு கலர் கலரா படம் போட்டு நாப்பது பக்கம். போன மாசம் ஒரு சந்தேகம் வந்து, பதினெட்டாம் பக்கத்துல "இதைப் படிக்கிறவர் எனக்கு ஒரு காபி வாங்கித் தரவும்"னு ஒரு வரி எழுதி வச்சேன். இன்னிவரைக்கும் காபி வரல. "அருமையான ரிப்போர்ட்"னு பாராட்டு மட்டும் வந்துச்சு.

இந்த வயசுல விழுந்து கிழுந்து வைக்காதே, அவ்வளவுதான் சொல்வேன். மத்தபடி எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு. உன் மாப்பிள்ளை எங்க வீட்டுக்கும் உன்னை ரெஃப்ரியா வரச் சொல்றார். பாத்திரம் கழுவற விஷயத்துல ஒரு தீர்ப்பு வேணுமாம்.

அன்புடன்,
சில்வண்டு


மார்ச் 15

சில்வண்டுக்கு,

பாத்திரம் மாப்பிள்ளைதான் கழுவணும். தீர்ப்பு முடிஞ்சுது. அப்பீல் கிடையாது.

இங்க நடக்கற கூத்தைக் கேளு. ஓடறதுக்கு நேரம் எங்கன்னு முதல்ல தலையைப் பிச்சுக்கிட்டேன். இப்ப கண்டுபிடிச்சுட்டேன். ஆபீசுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியே போறேன். மத்தியானம் பக்கத்து ஜன்னல் அக்கா கால் மணி நேரம் என் கவுண்டரையும் சேர்த்துப் பாத்துக்கறாங்க, நான் பின்பக்க மாடிப்படியில ஏறி இறங்கறேன். பதிலுக்கு சாயங்காலம் அவங்க சீக்கிரம் கிளம்பிப் போய்த் தையல் மெஷின்ல உட்காரட்டும்னு அவங்க கூட்டத்தை நான் பாக்கறேன். ரூல் புஸ்தகத்தை மனு ஃபைலுக்குள்ள வச்சிருக்கேன். கூட்டம் இல்லாத நேரம் ஆஃப்சைடு படிக்கிறேன். ஆஃப்சைடு இப்ப எனக்கு நல்லாப் புரியுது! உங்கப்பாவுக்கே சரியாப் புரியலன்னு இப்பதான் எனக்குப் புரியுது.

பின்பக்கமா ஓடறதுதான் கஷ்டம். ரெஃப்ரி ஆட்டத்துக்கு முதுகு காட்டக் கூடாது. நம்ம தெருவுல நான் பின்னால ஓடிப் பழகறேன், உங்கப்பா எதிர்ல கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே "குப்பைத்தொட்டி... குப்பைத்தொட்டி..."ன்னு சத்தம் போட்டுக்கிட்டு வர்றார். எதிர்வீட்டு அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னு நினைச்சு சமாதானம் பேச வந்துட்டாங்க.

இப்ப பெரிய விஷயம். போன செவ்வாய்க்கிழமை கவுண்டர்ல எக்கச்சக்கக் கூட்டம். கைக்குழந்தையோட ஒரு பொண்ணு காலையிலருந்து வரிசையில நிக்குது. அந்த நேரம் பாத்து மேனேஜர் தனக்குத் தெரிஞ்ச ஒருத்தரைத் தோள்ல கை போட்டுக் கூட்டிட்டு வந்து, அந்தப் பொண்ணைத் தள்ளிட்டு, வரிசைக்கு முன்னாடி நிறுத்தறார். சத்தியமா நான் யோசிக்கவே இல்லடி. கழுத்துல தொங்கின விசிலை எடுத்து ஊதிட்டேன். ஊதினதோட விட்டேனா? கைப்பையிலருந்து பயிற்சிக்கு வாங்கின மஞ்சள் கார்டை எடுத்து மேனேஜர் முகத்துக்கு நேரா தூக்கிக் காட்டிட்டேன்!

முதல்ல வரிசையில யாரோ கைதட்டினாங்க. அவ்வளவுதான், ஹாலே தட்டுது. மேனேஜர் முகத்துல ஈயாடல. அவரோட ஆளு தானே போய் வரிசைக் கடைசியில நின்னார். அந்தப் பொண்ணு வந்து மனுவைக் கொடுத்துட்டு, "அடுத்து சிவப்புதானே மேடம்?"னு கேக்குது!

மறுநாள் மெமோ வந்துடுச்சு, விளக்கம் எழுதிக் குடுன்னு. "பழக்க தோஷம்"னு ஒரே வார்த்தையில எழுதிக் குடுத்தேன். அதுவும் பரிசீலனையில இருக்காம். நல்லாப் பரிசீலிக்கட்டும்!

இப்படிக்கு,
இன்னும் மஞ்சள் கார்டு வச்சிருக்கும்
உன் அம்மா


ஏப்ரல் 2

அம்மா,

மேனேஜருக்கு மஞ்சள் கார்டா! அந்தப் பத்தியை மட்டும் மாப்பிள்ளை நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணுல தண்ணி வர சிரிச்சோம்.

இப்ப என் செய்தி. இதையும் உட்கார்ந்து படி.

நீ பாட்டியாகப் போறே.

போன்லயே சொல்லியிருப்பேன். ஆனா நீ லெட்டர்தான் ஒழுங்கான சமாச்சாரம்னு சொல்லிட்டியே. டாக்டர் ஆகஸ்ட் நடுவுலன்னு சொல்லியிருக்கார். நாலு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு இருந்தோம். உன்கிட்ட மறைச்சதுல எனக்குத்தான் நாக்கு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

நல்லாத்தான் இருக்கேன். காலையில மட்டும் தலையைத் தூக்க முடியல. பயமா இருக்கும்மா. இங்க எனக்குன்னு யார் இருக்கா? மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனா ஒரு முட்டையை உடைக்கிறதுக்கே வீடியோ பாக்கற ஆளு. நீ ஜூலைக் கடைசியில வந்துடணும். மூணு மாசம் என்கூட இருக்கணும். டிக்கெட்டை நான் எடுத்து அனுப்பறேன். நீ லீவுக்கு மட்டும் எழுதிக் குடு. எங்கம்மா பக்கத்துல இருந்தா எனக்கு எந்தப் பயமும் இல்ல.

உன் வரவை எதிர்பார்த்து,
ரெண்டு பேராயிட்ட சில்வண்டு


ஏப்ரல் 20

என் கண்ணே, என் தங்கமே,

உன் லெட்டரை ஆபீஸ் வாசல்ல நின்னு பிரிச்சேன். அப்படியே விசில் ஊதிட்டேன். வாட்ச்மேன் ஓடி வந்துட்டார். அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன். அப்புறம் பக்கத்து ஜன்னல் அக்கா, அப்புறம் மேனேஜர். மேனேஜர் கோபத்தை மறந்து கைகுடுத்தார்! உங்கப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், மறுபடியும் போட்டார், மறுபடியும் கழட்டித் துடைச்சார்.

தலையைத் தூக்க முடியலன்னா எழுந்திருக்கறதுக்கு முன்னாடி படுத்த வாக்குலயே ரெண்டு பிஸ்கட் சாப்பிடணுமாம், உங்கப்பா சொல்லச் சொன்னார்.

கண்ணா, இப்ப ஒண்ணு கேக்கறேன். எப்படிக் கேக்கறதுன்னு ரெண்டு நாளா பேனாவைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ரெஃப்ரி பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஓட்டப் பரீட்சை ஜூலையில. அதுல தேறினா ஆகஸ்ட் 16-ம் தேதி ஒரு முழு மேட்ச்சை நடத்திக் காட்டணும். சங்கத்து ஆளுங்க உட்கார்ந்து மார்க் போடுவாங்க. அடுத்த வருஷம் எழுதிக்கலாமேன்னு கேப்பே. அடுத்த வருஷம் எனக்கு ஐம்பது. ஐம்பது ஆயிட்டா புதுசா சேர்க்க மாட்டாங்க. இதை விட்டா இல்ல.

ஆகஸ்ட் 17 காலையிலயே நான் பிளேன் ஏறிடறேன். கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் ஒரு நாள், ரெண்டு நாள்தானே? மூணு மாசம் இல்ல, நாலு மாசம்கூட இருக்கேன். ராத்திரியெல்லாம் நானே முழிச்சுக்கறேன். நீ நிம்மதியாத் தூங்கலாம். நீ சரின்னு சொன்னா மட்டும்தான். சொல்லுடா.

முத்தங்களுடன்,
அம்மா


மே 6

அம்மாவுக்கு,

நாலு தடவை படிச்சேன். தப்பாப் படிச்சுட்டேனோன்னுதான்.

முதல் பிரசவம்மா. நான் வலியில கிடக்கும்போது எங்கம்மா எங்கேன்னு கேட்டா, பந்து பின்னால ஓடிட்டிருக்காங்கன்னு சொல்லணுமா? இங்க என் ஆபீஸ்ல உள்ளவங்க கேட்டா என்ன பதில் சொல்றது? ஒரு நாள், ரெண்டு நாள்னு எழுதியிருக்கே. அந்த ஒரு நாளுக்குத்தான் எனக்கு அம்மா வேணும். மத்த நாளெல்லாம் எப்படியோ சமாளிச்சுக்குவேன்.

உனக்கு மட்டும்தான் வேலை பிடிக்கலயா? யாருக்கும்மா பிடிச்சிருக்கு? காலேஜ்ல நான் மிமிக்ரி பண்ணினா ஹால் பூரா எழுந்து நின்னு கைதட்டுவாங்க, ஞாபகம் இருக்கா? அம்பது குரல் பேசுவேன். வேலை, கல்யாணம், இந்த ஊருன்னு ஆனதும் விட்டுட்டேன். இங்கயும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஒரு மேடை இருக்கு, யார் வேணா ஏறலாம். ரெண்டு வருஷமா அந்தக் கதவைத் தாண்டித்தான் ரயிலுக்குப் போறேன். ஒரு நாள்கூட உள்ள போகல. பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? நான் எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சிட்டேன். நீ இந்த வயசுல அவிழ்த்து விட்டுக்கிட்டு ஆடறே.

உன் இஷ்டம். நான் இனிமே கேக்க மாட்டேன். போன் பண்ணாதே. இப்ப பேசினா அழுதுடுவேன், அது உடம்புக்கு நல்லதில்லையாம்.

உன் மகள்


மே 22

அன்புள்ள மகளுக்கு,

உன் 6-ம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. அதில் குறிப்பிட்டிருந்த விஷயங்கள் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

ஜூலை 27-ம் தேதி அங்கு வந்து சேருவதென்று முடிவு செய்யப்பட்டுள்ளது. மூன்று மாத விடுப்புக்கு விண்ணப்பித்துள்ளேன். ரெஃப்ரி சங்கத்திலிருந்து என் பெயரை நீக்கும்படி பி.டி. மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனவே அது குறித்து நீ மேற்கொண்டு கவலைப்படத் தேவையில்லை.

குழந்தைக்குப் பருத்தித் துணிகள், போர்வை இரண்டு, உனக்கு வெந்நீர்ப் பை ஒன்று ஆகியவை வாங்கப்பட்டுள்ளன. வேறு ஏதேனும் தேவைப்பட்டால் தெரிவிக்கவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புடன்,
அம்மா


ஜூன் 5

அம்மா, அம்மா, அம்மா,

இப்படி ஒரு லெட்டரை எனக்கு எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

நீ ஒரு வார்த்தைகூடத் திட்டல. குத்திக் காட்டல. அதான் பயமாப் போச்சு. மாப்பிள்ளைக்கு சத்தமாப் படிச்சுக் காட்ட ஆரம்பிச்சேன். ரெண்டு வரி தாண்டறதுக்குள்ள என் குரல் தானா மாறிடுச்சும்மா. "கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன"ங்கறதை யாரால சொந்தக் குரல்ல படிக்க முடியும்? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சீல் குத்தற குரல்தான் வந்துச்சு. மாப்பிள்ளை, "யார் இது? அத்தை இல்லையே?"ன்னார். உட்கார்ந்து அழுதுட்டேன். இதை எழுதினது எங்கம்மா இல்ல, மூணாம் நம்பர் ஜன்னல். இருபத்தாறு வருஷமா நீ யார் யாருக்கோ குடுத்த பதிலை இப்ப எனக்குக் குடுத்துட்டே. உன்னை அந்த ஜன்னலுக்குப் பின்னால திரும்பவும் தள்ளினது நான்.

இந்த அம்மா வந்து என் பக்கத்துல மூணு மாசம் உட்கார்ந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். நீ வராதே. இப்ப வராதே. மேட்ச்சை முடிச்சுட்டு வா.

பயமா இருக்குதான். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நேத்து மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். "ஏன், மாமா வரக் கூடாதா? அவர் நர்ஸ்தானே?"ன்னார். நான் வாயைப் பிளந்துட்டேன். ஆமால்ல! பிரசவ வார்டுலயே பத்து வருஷம் இருந்த மனுஷன் வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கார். நாம ரெண்டு பேரும் இப்படி அடிச்சுக்கிட்டோம், ஒருத்தருக்காவது அவர் ஞாபகம் வந்துச்சா? அவரும் வாயைத் திறக்கலயே! கேட்டுப் பாரேன். கேட்டுட்டு உடனே போன் பண்ணு. எடுக்கறேன்.

அந்தப் பேரை நீக்கற காகிதத்தைப் போய்த் திரும்ப வாங்கும்மா. கெஞ்சியாவது வாங்கு.

உன் சில்வண்டு


ஜூலை 12

அடி என் சில்வண்டே! என் சில்வண்டே!

போன்ல பாதி சொன்னேன், மீதியைக் கேளு. பி.டி. மாஸ்டர்கிட்ட ஓடினேன். நிஜமாவே ஓடினேன், பஸ்ல ஏறவே இல்ல. "தம்பி, நான் குடுத்த காகிதம்..."னு இழுத்தேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து காட்டறார், மடிச்சது மடிச்சபடி கிடக்கு. "மேல அனுப்ப மனசு வரல மேடம். பரிசீலனையில வச்சிருந்தேன்"ங்கறார்! என் வாழ்நாள்ல அந்த வார்த்தை எனக்கு இனிச்சது இதுதான் முதல் தடவை.

நேத்து ஓட்டப் பரீட்சை. என்கூட ஓடினதெல்லாம் இளவட்டங்க. கடைசிச் சுத்துல கண்ணு இருட்டிடுச்சு. உங்கப்பா வேலிக்கு வெளியில கூடவே ஓடி வந்தார், அவருக்கு முன்னால தொப்பை ஓடுது. கடைசியிலருந்து ரெண்டாவதா வந்தேன். ஆனா நேரத்துக்குள்ள வந்துட்டேன்! வந்ததும் புல்லுல விழுந்தேன். உங்கப்பா என் நாடியைப் பிடிச்சுப் பாத்துட்டு, "பாஸ்"னார்.

உன்னைப் பாத்துக்க நீங்க போறீங்களான்னு அவரைக் கேட்டப்ப என்ன சொன்னார் தெரியுமா? "கேக்க மாட்டீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்"னார். பெட்டியை அன்னிக்கே எடுத்து வச்சுட்டார். கையெல்லாம் இப்பவே கழுவிக்கிட்டிருக்கார்.

சந்தோஷத்துல என்ன எழுதறேன்னே தெரியல,
அம்மா


ஆகஸ்ட் 18

என் கண்ணே,

பாப்பா நல்லாத் தூங்குதா? நீ தூங்கறியா? போன்ல உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்துச்சு. அதனால இதை எழுதறேன். நீ நிதானமாப் படி. மறுநாளே பிளேன் ஏறிடறேன்னேன், ஆனா லீவு அடுத்த வாரத்துலருந்துதான் கிடைச்சுது. வரும்போது இந்த லெட்டரை நான் முந்திடுவேனோ என்னவோ. இருந்தாலும் இதை எழுதித்தான் சொல்லணும்.

அன்னிக்கு மைதானத்துல சரியான கூட்டம். உள்ளூர் டீம் ஒண்ணு, வெளியூர் டீம் ஒண்ணு. நான் கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு நடுவுல போய் நின்னதும் ஒரே சிரிப்பு. "அம்மா, அடுப்புல பால் பொங்குது!"ன்னு ஒருத்தன் கத்தறான். விசிலை ஊதினேன். அப்புறம் எனக்கு ஒண்ணும் கேக்கல.

ஆட்டம்னா அப்படி ஓர் ஆட்டம்! ரெண்டு பக்கமும் கோல் இல்ல. கடைசி நேரம். வெளியூர்ப் பையன் பந்தைத் தூக்கி அடிக்கிறான், கோலுக்கு முன்னால ஒரே கும்பல், சூரியன் நேரா என் கண்ணுல. ஓரத்துல நின்ன லைன்ஸ்மேனுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா நான் கிட்ட இருந்தேன். அந்த மாடிப்படியெல்லாம் ஏறினதுக்கு நான் கிட்ட இருந்தேன்! உள்ளூர்க்காரன் முழங்கையைத் தூக்கினதும், பந்து அதுல பட்டதும் எனக்குப் பளிச்சுனு தெரிஞ்சுது. ஊதினேன். பெனால்டின்னு கையைக் காட்டினேன்.

கூட்டம் கொந்தளிச்சுப் போச்சு. டீமே வந்து என்னைச் சுத்தி நின்னு கத்துது. ஒருத்தன் என் மூஞ்சிக்கு நேரா விரலை நீட்டறான். கத்தறவங்களுக்கு முன்னால உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பழக்கம்தான். ஆனா இத்தனை வருஷமும் அந்த ஜன்னல்ல தலையைக் குனிஞ்சிருக்கேன். அன்னிக்குக் குனியல. "பாத்தேன். கையில பட்டுது. பந்தை வை"ன்னேன். வச்சாங்க. கோல் விழுந்துது. மேட்ச் முடிஞ்சுது. மார்க் போட்ட பெரியவர் எழுந்து வந்து, "நாங்க உட்கார்ந்த இடத்துலருந்து அது தெரியல. நீங்க பாத்தீங்களா?"ன்னார். "பாத்தேன்"னேன். பேட்ஜைக் கையில குடுத்துட்டார்.

உள்ள போய் பையைத் திறந்து போனைப் பாத்தா, உங்கப்பாகிட்டருந்து அத்தனை மிஸ்டு கால். உடனே கூப்பிட்டேன். "பொண்ணு. ரெண்டு பேரும் சுகம்"னார். மேட்ச் நடந்துகிட்டிருந்த நேரத்துலயே பிறந்தாச்சாம். மாப்பிள்ளைக்குத் தெரியும், உன் ஆபீசுக்குத் தெரியும், இங்க பக்கத்து ஜன்னல் அக்காவுக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் தெரியல.

இப்ப நான் எழுத வந்ததைச் சொல்றேன். விசில் ஊதினதுலருந்து முடியற வரைக்கும் நான் உன்னை நினைக்கவே இல்ல கண்ணே. காலையில எழுந்ததும் நினைச்சேன், பஸ்ல வரும்போது நினைச்சேன், சட்டை மாத்தும்போது கையெடுத்துக் கும்பிட்டேன். ஆட்டம் ஆரம்பிச்சதும் நீ இல்ல, உங்கப்பா இல்ல, ஜன்னல் இல்ல. பந்து மட்டும்தான். நீ பிறந்த நாள்லருந்து உன்னை நினைக்காம நான் அவ்வளவு நேரம் இருந்ததே கிடையாது. சந்தோஷமா இருந்தேன். அந்த நேரத்துல நீ வலியில இருந்திருக்கே. இதை மன்னிப்பாக் கேக்கல. கேட்டா அது பொய்யாயிடும். உன்கிட்ட மறைக்க முடியல, அதான் சொல்றேன்.

நேத்து திங்கட்கிழமை, வழக்கம்போல ஜன்னல். கலங்கல் தண்ணின்னு முதல் ஆளு வந்தார். சீல் குத்தினேன்.

உன் அம்மா


ஆகஸ்ட் 29

அம்மா,

நீ பக்கத்து ரூம்ல பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. உன் லெட்டர் இன்னிக்குத்தான் வந்துச்சு. உன்னைவிட நாலு நாள் தாமதம். நீ தபாலைப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டு அந்த ரூமுக்குப் போனதை நான் கவனிச்சேன். எழுந்து வந்து பேசியிருப்பேன். ஆனா இதுக்கு எழுதித்தான் பதில் சொல்லணும். கதவுக்குக் கீழ தள்ளிவிடறேன்.

கோபம் வரும்னு நினைச்சுக்கிட்டே படிச்சேன். தேடிப் பாத்தேன், இல்லம்மா.

அன்னிக்கு எனக்கும் உன் நினைப்பு வரல. வலி வந்தப்புறம் அப்பா கையைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அவர் ஒரே குரல்ல "மூச்சை விடு, இப்ப இழு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். அங்க இருந்த நர்சுங்களே அவர் சொல்றதைத்தான் கேட்டாங்க. அம்மா எங்கேன்னு நான் கேக்கவே இல்ல. கேப்பேன்னு சொல்லித்தானே உன்கூட அவ்வளவு சண்டை போட்டேன்?

நேத்து வெள்ளிக்கிழமை "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வர்றேன்"னு சொல்லிட்டுப் போனேனே, நடக்கப் போகல. ரயிலுக்குப் போற வழியில இருக்கற அந்த மேடைக் கதவைத் திறந்து உள்ள போனேன். நாலே நாலு குரல்தான் பேசினேன். ரெண்டு சொதப்பிடுச்சு, அதுல ஒண்ணு பூனை மாதிரி ஆரம்பிச்சு கதவு கிறீச்சிடற மாதிரி முடிஞ்சுது. ஆனா அந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பாப்பா ஞாபகம் வரலம்மா. இறங்கி வந்து செருப்பை மாட்டும்போதுதான் ஐயோன்னு உறைச்சுது. ஓடி வந்தேன். அது அப்பா தோள்ல நிம்மதியாத் தூங்கிட்டிருந்துச்சு.

யார்கிட்டயும் சொல்ல முடியாம காலையிலருந்து உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்பதான் உன் லெட்டர் வந்துச்சு.

இதை நான் பத்திரமா எடுத்து வைக்கப் போறேன். பாப்பா பெரியவளானதும் அவளுக்கு நானும் இப்படி ஒரு லெட்டர் எழுதணும்மா.

உன்
சில்வண்டு